மனம் ஒப்பாத வாக்கு: மிச்சிகன் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 24, 2024, சனிக்கிழமை: டியர்பார்ன்

முடிவு தெரிந்த தேர்தலைப் பார்க்க யாராவது இவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு போவார்களா என்று சிகாகோ நண்பர்கள் கேலி செய்தார்கள். நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சார்பில் ஜோ பைடனும் குடியரசுக் கட்சியின் சார்பில் டொனால்ட் டிரம்பும்தான் நிற்கப்போகிறார்கள் என்பது ஏறத்தாழ உறுதியாகிவிட்டது. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வரும் செவ்வாய்க்கிழமை மிச்சிகனில் நடக்கும் பிரைமரி தேர்தலில், தத்தம் கட்சியில் இருவருமே எளிதாக வெல்வார்கள். நான் பார்க்க விரும்பியதோ, தம் கட்சியின் வேட்பாளர் இன்னார்தான் என்று தெரிந்த பிறகும் அவருக்கு வாக்களிக்க மனம் வராத கட்சிக்காரர்களை. இரண்டு கட்சிகளிலும் அப்படிப்பட்டவர்கள் ஒரே மாநிலத்தில், ஒரே நாளில், சில இடங்களில் ஒரே வாக்குச்சாவடியில் கிடைப்பது அரிது என்பதால் புறப்பட்டுவிட்டேன்.

மாநில எல்லையைக் கடந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தாவியதில் மதிய உணவு நேரம் வழியிலேயே கரைந்துபோயிற்று. டியர்பார்னின் வாரன் அவென்யூவை அடைந்தபோது பசி உச்சத்தில் இருந்தது. தெருவின் இருபுறமும் அரபு எழுத்துப் பலகைகள். ரமலான் தொடங்க இன்னும் இரண்டு வாரமே இருந்ததால் மளிகைக் கடைகளின் வாசலில் பேரீச்சம்பழப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். நுழைந்த உணவகத்தில் இடமில்லை. தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், நான் கேட்பதற்கு முன்பே எதிர் நாற்காலியில் கிடந்த தன் மேலங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உட்காரும்படி கை காட்டினார். பருப்புச் சூப்பும், சுடச்சுட ஊதிப் பருத்து வந்த ரொட்டியும், பூண்டு விழுதோடு கோழி ஷவர்மாவும் சேர்த்துப் பதினேழு டாலர் ஆயிற்று. இருவர் சாப்பிடும் அளவுக்கு இருந்தது.

அவர் தெற்கு லெபனானின் பின்த் ஜுபைல் பகுதியிலிருந்து இளைஞராக வந்து, ஃபோர்டு ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 2020இல் பைடனுக்காகத் தன் தெருவில் வீடு வீடாகப் போனதையும், நடக்க முடியாத முதியவர்களைத் தன் காரிலேயே வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போனதையும் சொன்னார். அந்த ஆண்டு இந்த நகரத்தில் பைடனுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்கு விழுந்தது. இந்த முறை அவர் வீட்டுப் புல்வெளியில் நிற்கும் பலகையில் எந்த வேட்பாளரின் பெயரும் இல்லை. ஜனநாயகக் கட்சியின் வாக்குச்சீட்டில் பைடன், டீன் பிலிப்ஸ், மரியான் வில்லியம்சன் ஆகியோரின் பெயர்களோடு 'அன்கமிட்டட்' என்று ஒரு வரியும் இருக்கிறது. இவர்களில் எவருக்கும் நான் உறுதி தரவில்லை, ஆனாலும் இந்தக் கட்சியின் தேர்தலில்தான் வாக்களிக்கிறேன் என்று பதிவு செய்வதற்கான வரி அது. காஸாவில் உடனடிப் போர்நிறுத்தம் வேண்டும், இஸ்ரேலுக்குப் போகும் ஆயுத உதவியை நிறுத்த வேண்டும் என்று கேட்டு அந்த வரிக்கே வாக்களிக்கச் சொல்லும் 'லிசன் டு மிச்சிகன்' இயக்கத்தை லைலா எலாபெட் நடத்துகிறார். அவருடைய சகோதரியும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இத்தொகுதியின் உறுப்பினருமான ரஷீதா தலீப், நகர மேயர் அப்துல்லா ஹம்மூத் ஆகியோர் வெளிப்படையாக அதை ஆதரிக்கிறார்கள். இவர்கள் எல்லோருமே ஜனநாயகக் கட்சியினர் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஜனவரி இறுதியில் பைடனின் தேர்தல் பொறுப்பாளர் ஊருக்கு வந்தபோது, சாவு வீட்டுக்கு வாக்குக் கேட்டா வருவார்கள் என்று பெரியவர் நினைத்தாராம். மேயர் உட்படப் பலர் அந்தச் சந்திப்புக்குப் போகவில்லை. பிறகு பிப்ரவரி 8 அன்று, தேர்தல் குழுவை விட்டுவிட்டு, கொள்கையைப் பேசக்கூடிய வெள்ளை மாளிகை அதிகாரிகளையே அனுப்பினார்கள். "அதை முதலில் செய்திருக்க வேண்டும்" என்றார் அவர். கணக்குக் கேட்டபோது என் தேநீருக்கும் அவரே பணம் கொடுத்துவிட்டிருந்தது தெரிந்தது. நான் மறுத்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பிப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை: ட்ராய்

டெட்ராய்டுக்கு வடக்கே உள்ள ட்ராயில் என் பெரியப்பா மகன் இருக்கிறார். கார் உதிரிபாக நிறுவனம் ஒன்றில் பொறியாளர். குடியுரிமை பெற்றதிலிருந்து குடியரசுக் கட்சிக்காரர். அண்ணிக்கோ ஜனநாயகக் கட்சி. இரண்டு கட்சியும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் வீடு என்பதால், தங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

தென் கரோலைனாவில் நேற்று நடந்த பிரைமரியில், அந்த மாநிலத்தின் ஆளுநராகவே இருந்த நிக்கி ஹேலி, டிரம்பிடம் இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்றுப்போனார். அடுத்த நாளே ட்ராய்க்கு வந்து கூட்டம் போடுகிறார் என்றதும் அண்ணன் என்னையும் அழைத்துப் போனார். அரங்கில் சில நூறு பேர் இருந்தார்கள். கோஷம் குறைவு. பெரும்பாலோர் கைகளைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் பாடம் கேட்பவர்களைப் போலக் கவனமாகக் கேட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி எங்களுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். 1976இல் இந்த மாநிலத்துக்காரரான ஜெரால்ட் ஃபோர்டுக்கு முதல் வாக்கைப் போட்டதாகக் கணவர் சொன்னார். 40 சதவீதம் என்பது 50 சதவீதம் ஆகாது என்பது கணக்காளரான தனக்குத் தெரியும், ஆனால் 40 சதவீதம் சிறிய கூட்டமும் இல்லை என்று ஹேலி முந்திய இரவு பேசியதை அந்த அம்மையார் அப்படியே ஒப்பித்தார். வெல்ல முடியாது என்று தெரிந்தே வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "கட்சி என்னைவிட்டுப் போய்விட்டது, அது போன திசையையாவது பார்க்க வந்தேன்" என்று அவர் சிரிக்காமல் சொன்னார்.

திரும்பும் வழியில் அண்ணன் தன் வாக்கு வரலாற்றைச் சொன்னார். 2008இல் மெக்கெயின், 2012இல் டெட்ராய்டிலேயே பிறந்த மிட் ராம்னி. 2016இல் வாக்குச்சாவடிக்குப் போய், செனட்டர் தேர்தல் இல்லாத அந்த ஆண்டில் காங்கிரஸ் முதல் பள்ளிக் குழு வரை எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, அதிபர் வரியை மட்டும் வெறுமையாக விட்டு வந்தாராம். அவர் தனி ஆள் இல்லை. அந்த ஆண்டு மிச்சிகனில் 75,000க்கும் மேற்பட்டவர்கள் அதிபர் பதவிக்கு எந்தப் பெயரையும் குறிக்காமல் சீட்டைப் போட்டார்கள். டிரம்ப் இங்கே வென்ற வித்தியாசம் 10,704 வாக்குகள்தான். கட்சி மேலிடங்கள் எதிராளியின் பலத்தை அளப்பதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கையாவது இந்த வெற்று வரிகளைப் படிப்பதற்குச் செலவிட்டால் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

இரவு உணவுக்கு அண்ணி முருங்கைக்காய்ச் சாம்பாரும் சேப்பங்கிழங்கு வறுவலும் செய்திருந்தார். அவர் தபால் வாக்கை எப்போதோ பைடனுக்கே போட்டு அனுப்பிவிட்டார். மகிழ்ச்சியோடுதானா என்று கேட்டேன். "எண்பத்தொரு வயதில் அந்த மனிதர் படியேறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது, தம்பி. இருந்தாலும் வேறு யாரைப் போட?" என்றார். அண்ணன் சாப்பாட்டுத் தட்டைவிட்டுத் தலை நிமிராமலேயே, "அதே கேள்விதான் எங்களுக்கும்" என்றார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே, பெருந்தொழிலதிபர்களான கோக் (Koch) குடும்பத்தின் அரசியல் அமைப்பு ஹேலிக்காகச் செலவிடுவதை நிறுத்திக்கொண்டதாகச் செய்தி வந்தது. அண்ணன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மோர் கேட்டார்.

பிப்ரவரி 26, திங்கட்கிழமை: வாரன், ஹாம்ட்ராமிக்

காலையில் மேகம்ப் வட்டத்துக்குப் போனேன். கட்சி வேட்பாளரைப் பிடிக்காத கட்சிக்காரர்களுக்கு அமெரிக்காவில் ஒரு பிறந்த ஊர் உண்டென்றால் அது இதுதான். கார் ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த இந்த வட்டம் 1960இல் ஜனநாயகக் கட்சியின் கென்னடிக்கு 63 சதவீத வாக்குகளைக் கொடுத்தது. 1984இல் அதே வட்டம் குடியரசுக் கட்சியின் ரீகனுக்கு 66 சதவீதம் கொடுத்தது. இடையில் 1972இல், பள்ளிகளில் இன ஒதுக்கலை நீக்கப் பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பகுதிகளுக்கு அனுப்பும் நீதிமன்ற உத்தரவு கொதித்துக்கொண்டிருந்த வேளையில், மிச்சிகனின் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியிலேயே, இன ஒதுக்கலை ஆதரித்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வென்றார். 1985இல் ஸ்டான் கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் இந்த ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்து அவர்கள் மனத்தில் இருப்பதைக் கேட்டு எழுதியதிலிருந்துதான், 'ரீகன் ஜனநாயகக் கட்சியினர்' என்ற பெயர் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது. அவர்களின் மனத்தாங்கலில் இன வெறுப்பும் கலந்திருந்தது என்பதை கிரீன்பெர்க் மறைக்கவில்லை. ஆகவே, கட்சியை விட்டு விலகுகிறவர்கள் எல்லோருமே மனச்சாட்சியின் குரலுக்குச் செவிசாய்த்தவர்கள் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

இதே வாரன் நகரில்தான் இம்மாதம் முதல் தேதி பைடன் வந்து, கார்த் தொழிலாளர் சங்கத்தினரைச் சந்தித்துவிட்டுப் போனார். பார்ப்பதற்கு நீண்ட நேரான சாலைகள், தட்டையான வீடுகள், ஆலைச் சுவர்கள் என்பதைத் தவிர ஒன்றுமில்லை. அரை மணி நேரத்தில் ஊரைச் சுற்றி முடித்தேன்.

தெற்கே ஹாம்ட்ராமிக்கை நோக்கி வரும்போது, பனிக்காலம் தோண்டி வைத்த ஒரு குழியில் முன் சக்கரம் இறங்கியது. அடுத்த நிமிடமே வண்டி ஒருபுறமாக இழுக்கத் தொடங்கிவிட்டது. ஊர்ந்து ஊர்ந்து ஒரு டயர் கடையைப் பிடித்தேன். ஹாம்ட்ராமிக், டெட்ராய்ட் நகரத்தால் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் சூழப்பட்ட, இரண்டு சதுர மைல் அளவேயான சிறு நகரம். ஒரு காலத்தில் போலந்துக்காரர்களின் ஊர், இப்போது யேமன்காரர்களும் வங்காளதேசத்தவரும் நிறைந்தது. 2022 முதல் இதன் நகர மன்ற உறுப்பினர்கள் அனைவருமே முஸ்லிம்கள்.

கடைக்காரர் யேமனைச் சேர்ந்தவர். நாற்பது வயது இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, அரைப் பீப்பாயில் நிரப்பிவைத்திருந்த கறுத்த தண்ணீரில் அமுக்கி மெல்ல உருட்டினார். குமிழி சரஞ்சரமாக வந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். பிறகு அந்த வட்டத்தைக் கட்டைவிரலால் அகட்டிக் காட்டினார். பக்கவாட்டுச் சுவர் கிழிந்து உள்ளே நூல் தெரிந்தது. ஒட்டுப் போட்டால் நெடுஞ்சாலையில் வெடித்துவிடும், பழைய டயர் ஒன்று போட்டுத் தருகிறேன், மாட்டும் கூலியோடு 50 டாலர் என்றார். புதிது விற்கும் கடைக்கு வழி சொல்லவும் தயாராக இருந்தார். நான் பழையதே போதும் என்றேன்.

வேலை நடக்கும்போது தேர்தலைப் பற்றிக் கேட்டேன். 2017 ஜனவரியில் டிரம்ப் ஏழு நாட்டவருக்குத் தடை விதித்தபோது அந்தப் பட்டியலில் யேமனும் இருந்தது. இவருடைய மனைவி விசாவுக்காக ஜிபூட்டியில் காத்துக்கிடந்தாராம். மூத்த மகள் அங்கேதான் நடை பழகினாளாம். பதவியேற்ற முதல் நாளிலேயே பைடன் அந்தத் தடையை நீக்கிய பிறகே குடும்பம் ஒன்று சேர்ந்தது. 2020இல் இவர் போட்ட முதல் வாக்கும் பைடனுக்குத்தான். அப்படியானால் நாளைக்கு என்று இழுத்தேன். கை துடைத்துக்கொண்டே, "செய்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆனால் என் மனைவியைக் கொண்டுவந்து சேர்த்தார் என்பதற்காக, அங்கே அடுத்தவன் மனைவியும் பிள்ளையும் சாவதற்குச் சரி என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்றார். நாளை அன்கமிட்டட் வரிதான். நவம்பரில் டிரம்ப் வந்துவிட்டால் என்று நான் கேட்டு முடிப்பதற்குள், அந்தக் கேள்வியை எல்லோரும் தன்னிடமே கேட்கிறார்கள், வெள்ளை மாளிகையில் இருப்பவரிடம் ஏன் யாரும் கேட்பதில்லை என்று திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 50 டாலரை வாங்கிக்கொண்டவர், மற்ற மூன்று சக்கரங்களுக்கும் காற்றுப் பார்த்ததற்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

இரவு ஒரு யேமன் தேநீர்க்கடையில் உட்கார்ந்தேன். ஏலக்காயும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய ஏடன் தேநீர் ஐந்து டாலர்; நம் ஊர் ஏலக்காய்த் தேநீருக்கு ஒன்றுவிட்ட தம்பி. நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போன பைடன், கையில் ஐஸ்கிரீமோடு நின்றபடி, அடுத்த திங்கட்கிழமைக்குள் போர்நிறுத்தம் வரும் என்று நம்புவதாகச் சொன்ன காணொளி மேசைக்கு மேசை ஓடிக்கொண்டிருந்தது. வாக்குப்பதிவுக்கு முந்திய இரவில் இப்படி ஒரு நம்பிக்கை வார்த்தை சிலரையாவது இளக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அங்கிருந்த இளைஞர்கள் வார்த்தையைக் கேட்கவே இல்லை, ஐஸ்கிரீமைத்தான் பார்த்தார்கள். ஒருவர் ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் மறுபடியும் ஓடவிட்டார்.

பிப்ரவரி 27, செவ்வாய்க்கிழமை: வாக்குப்பதிவு

பிப்ரவரியில் மிச்சிகன் இப்படி இருக்கும் என்று யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். வெப்பம் 70 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி ஏறிவிட்டது. கனத்த மேலங்கியை ட்ராயிலேயே விட்டுவிட்டுச் சட்டையோடு கிளம்பினேன். டியர்பார்னில் ஒரு பள்ளி வாசலில், சட்டம் சொல்லும் 100 அடி எல்லைக்கு அப்பால், தொண்டர்கள் துண்டறிக்கைகளோடு நின்றிருந்தார்கள். மடிப்பு மேசையில் சாத்தர் என்ற மூலிகைப் பொடி தூவிய ரொட்டித் துண்டுகள் இருந்தன. வாக்காளரா இல்லையா என்று கேட்காமல் எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். பைடனின் ஆதரவாளர் ஒருவர் தனியாகப் பலகை பிடித்து நின்றார். வெயில் ஏறியதும் எதிர்த்தரப்புப் பெண் ஒருத்தி அவருக்குத் தண்ணீர்ப் புட்டி கொண்டுபோய்க் கொடுத்ததையும், இருவரும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டதையும் பார்த்தேன்.

மிச்சிகனில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும்போது கட்சியைப் பதிவதில்லை. பிரைமரி அன்று வாக்குச்சாவடியில்தான் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று படிவத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும். அப்படிக் கேட்டது எந்தச் சீட்டு என்பது பொது ஆவணமாகவும் ஆகிவிடுகிறது. குடியரசுக் கட்சிச் சீட்டில், போட்டியிலிருந்து எப்போதோ விலகிவிட்ட டிசான்டிஸ், கிறிஸ்டி, விவேக் ராமசாமி ஆகியோரின் பெயர்களும் அப்படியே இருந்தன. ஒரு தாய் கைக்குழந்தையோடு வெளியே வந்து, வாக்களித்ததற்கான ஒட்டுப்படத்தைக் குழந்தையின் தொப்பியில் ஒட்டினாள். தன் தந்தை பைடனுக்குப் போட்டார், தான் அன்கமிட்டட் போட்டேன், இரண்டு பேரும் ஒரே காரில்தான் வந்தோம் என்றாள். தந்தை காரை நிறுத்திய இடத்திலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் டெட்ராய்ட் நகருக்குள் போனேன். அங்கே ஒரு தேவாலயத்தின் அருகே பேசிய கறுப்பின மூதாட்டி, அதுவரை நான் கேட்டதற்கெல்லாம் மறுபக்கத்தை வைத்தார். காஸாவைப் பார்த்து அழாதவர் யார், ஆனால் தன் தலைமுறை ஒவ்வொரு முறையும் முழு மனம் ஒப்பி வாக்களித்ததாக யார் சொன்னது என்று கேட்டார். பிடிக்காத வேட்பாளருக்கு வரிசையில் நின்று போட்ட வாக்குகளால்தான் தன் பேரப்பிள்ளைகளுக்குச் சில கதவுகளாவது திறந்தன என்பது அவர் வாதம். ஆளுநர் கிரெட்சன் விட்மரும் ஏறத்தாழ இதைத்தான் சொல்லிவருகிறார்: பைடனுக்கு விழாத ஒவ்வொரு வாக்கும் டிரம்புக்குத் துணை போகும் என்று. ஆளுநர் சொன்னபோது மிரட்டலாகத் தெரிந்தது, மூதாட்டி சொன்னபோது களைப்பாகத் தெரிந்தது.

வாக்குச்சாவடிகள் இரவு எட்டு மணிக்கு மூடின. எண்ணத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே இருவரின் வெற்றியும் அறிவிக்கப்பட்டுவிட்டது. அண்ணன் வீட்டுத் தொலைக்காட்சியில் வென்றவர்களின் படம் சற்று நேரமே வந்தது. அதன் பிறகு நள்ளிரவு வரை பேச்செல்லாம் தோற்ற வரிகளைப் பற்றித்தான்.

பிப்ரவரி 28, புதன்கிழமை: டெட்ராய்ட்

இரவில் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்தது. வடக்கே கிராண்ட் பிளாங்க் பகுதியில் சூறாவளியே வீசி வீடுகளைச் சேதப்படுத்தியிருக்கிறது. விடிந்தபோது நேற்றைய கோடைக்காலம் போன இடம் தெரியவில்லை. காற்று ஊசியாகக் குத்தியது, மதியத்துக்குள் பனித்துகள் பறந்தது. ஒரே நாளில் இத்தனை டிகிரி இறங்குவதை நான் சிகாகோவிலும் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

லஃபாயெட் கோனி ஐலண்ட் என்ற உணவகத்தில், கடுகும் வெங்காயமும் மாட்டிறைச்சிக் குழம்பும் கொட்டிய ஹாட் டாக் எல்லோருக்கும் பிடிக்கும் என்றார்கள். மாட்டிறைச்சி உண்ணாத எனக்கு வறுத்த உருளைக்கிழங்கே போதுமாயிற்று. அங்கே உட்கார்ந்துதான் எண்களைக் கூட்டிப் பார்த்தேன். பைடனுக்கு 81 சதவீதம். அன்கமிட்டட் வரிக்கு 13 சதவீதம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். 2016ஆம் ஆண்டின் வித்தியாசத்தை மனத்தில் வைத்து அந்த இயக்கத்தினர் குறித்திருந்த இலக்கு வெறும் 10,000. டியர்பார்ன் நகரில் அந்த வரி 57 சதவீதம் பெற்று அதிபரையே முந்திவிட்டது. டிரம்புக்கு 68 சதவீதம் கிடைக்க, ஹேலிக்குக் கிட்டத்தட்ட 27 சதவீதம், ஏறக்குறைய மூன்று லட்சம் பேர்.

எண்களை ஊதிக்காட்டவும் கூடாது. 2012இல் ஒபாமாவை எதிர்க்க ஆளே இல்லாதபோதும் இதே வரியில் 20,000க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. மிகக் குறைந்த வாக்குப்பதிவில் அதுவே பத்து சதவீதத்தைத் தாண்டியது. 2008இல் ஒபாமாவும் எட்வர்ட்ஸும் சீட்டிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டதால், 40 சதவீதம் பேர் ஹிலாரி கிளிண்டனுக்கு எதிராக அந்த வரியைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் சில ஆயிரம் பேர் அங்கே ஒதுங்குவது வழக்கம்தான். ஆனால் வேலையைப் போட்டுவிட்டு, காரணத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, ஒரு லட்சம் பேர் வந்து ஒதுங்கியதை வழக்கம் என்ற பெயரில் தள்ளிவிட முடியாது.

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்டதில் எனக்குத் தெளிவானது இதுதான்: ட்ராயில் பார்த்தவர்களுக்குப் பிடிக்காதது ஆள், டியர்பார்னில் பார்த்தவர்களுக்குப் பிடிக்காதது செயல். ஆளைப் பிடிக்காதவர்களுக்கு வேட்பாளர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, அவரால் தன்னையே மாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே அவர்கள் போகப்போகத் தாங்களே பழகிக்கொள்வார்கள், அல்லது வரியை வெறுமையாக விடுவார்கள். செயலைப் பிடிக்காதவர்களோ வேட்பாளருக்கு ஒரு வழியைத் திறந்துவைத்துவிட்டு எட்டு மாதம் காத்திருக்கிறார்கள். எளிதில் சமாதானப்படுத்தக் கூடியவர்களாக வெளிக்குத் தெரிவது இவர்கள்தான், சமாதானம் ஆகவில்லையென்றால் திரும்பி வராமலே போகக்கூடியவர்களும் இவர்கள்தான் என்று நான் நினைக்கிறேன். ட்ராய்க்காரர்கள் எல்லோரும் நவம்பரைப் பற்றி நகைச்சுவையாகப் பேசினார்கள். டயர் கடைக்காரர் அப்படிப் பேசவில்லை.

மேலங்கி ட்ராயிலேயே கிடந்ததால், பெட்ரோல் நிலையத்தில் 12 டாலருக்கு டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பெயர் போட்ட கம்பளித் தொப்பி ஒன்றை வாங்கிக்கொண்டேன். கல்லாவில் இருந்த இளைஞர் தொப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டு, இந்த ஊரில் எந்தக் கட்சிக்காரரும் முழு மனத்தோடு ஆதரிப்பது லயன்ஸை மட்டும்தான் என்றார்.

மார்ச் 2, சனிக்கிழமை: சிகாகோ

வீடு திரும்பிய களைப்பு இன்னும் போகவில்லை. பழைய டயர் 280 மைலும் முனகாமல் வந்து சேர்ந்தது.

இன்று கிராண்ட் ராபிட்ஸில் குடியரசுக் கட்சியின் மாநில மாநாடு. அவர்கள் இந்த ஆண்டு செய்திருக்கும் ஏற்பாட்டின்படி, வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் தேசிய மாநாட்டுக்கு, செவ்வாய்க்கிழமை மக்கள் போட்ட வாக்குகளைக் கொண்டு முடிவாவது 16 பிரதிநிதிகள்தான். மீதமுள்ள 39 பேரை இந்த மாநாட்டில் கூடும் கட்சிக்காரர்களே முடிவு செய்கிறார்கள். 39 இடங்களும் டிரம்புக்கே போயின. மூன்று லட்சம் வாக்குகளுக்கு ஈடாக ஹேலிக்குக் கிடைத்தவர்கள் 4 பிரதிநிதிகள். அந்தப் பக்கம் அன்கமிட்டட் வரிக்குக் கிடைத்தவர்கள் 2 பேர், பைடனுக்கு 115. மனம் ஒப்பாதவர்களின் எண்ணிக்கை வாக்குப்பெட்டியிலிருந்து மாநாட்டு மேடைக்குப் போய்ச் சேர்வதற்குள் எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்பதை இந்த இரண்டு கணக்கும் காட்டுகின்றன.

மாலையில் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். மேலங்கியைத் தபாலில் அனுப்பவா, அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். பேச்சுவாக்கில், நவம்பரில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "எட்டு மாதம் இருக்கிறது, அதற்குள் என்னென்னவோ நடக்கலாம்" என்று தொடங்கி, 2016இல் செய்ததையே மறுபடியும் செய்வதில் உள்ள நன்மை தீமைகளைப் பத்து நிமிடம் விளக்கினார். பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது: "தம்பி, அவர் பேச்சை நம்பாதீர்கள். கடைசி நாளில் முணுமுணுத்துக்கொண்டே போய் டிரம்புக்குப் போட்டுவிட்டு வருவார். நானும் முணுமுணுத்துக்கொண்டேதான் பைடனுக்குப் போடுவேன். எங்கள் வீட்டு வாக்கு இரண்டும் கழிந்துவிடும்." அண்ணன் மறுக்கவில்லை, தபால் செலவு எவ்வளவு ஆகும் என்று மறுபடியும் மேலங்கிக்கே வந்துவிட்டார்.